சர்க்கரையைப் பிடிக்கும் நொதி: கல்லீரல் புற்றுநோய் பற்றி ஊரில் கேட்ட கேள்விகள்

எனக்கு ஊர் ஆந்திராவில் நகரிக்குப் பக்கம். வேலை எல்லை தாண்டி வேலூர்ப் பக்கம், ஒரு ஆய்வகத்தில். கட்டித் துணுக்குகளிலிருந்து ஆர்.என்.ஏ பிரித்து அளப்பதுதான் என் அன்றாட வேலை. சித்தப்பாவுக்குக் கல்லீரலில் கட்டி என்று தெரிந்த மாதம், அவர் மகள் போனில் வந்த ஒரு கட்டுரையைக் கொண்டுவந்து காட்டினாள். கல்லீரல் புற்றுச் செல்களில் ஹெக்ஸோகைனேஸ் 2 என்ற நொதிக்கான எம்.ஆர்.என்.ஏ பல மடங்கு கூடியிருக்கிறது, அது சர்க்கரையை இழுத்துப் பிடிக்கிற நொதி என்று அதில் இருந்தது. அதைப் படித்த அன்றே வீட்டில் சித்தப்பாவுக்குச் சோற்றை நிறுத்தியிருந்தார்கள்.

அவள் என்னிடம் காட்டிய அன்று சாயங்காலம் திண்ணையில் ஆரம்பித்த கேள்விகள் இவை. பிறகு புத்தூர், சித்தூர், பலமநேர் உறவுக்காரர்கள் தமிழும் தெலுங்கும் கலந்து கேட்டவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

எம்.ஆர்.என்.ஏ என்றால் என்ன? கொரோனா ஊசியில் சொன்னார்களே, அதுதானா?

எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு தறி ஓடுவதால் தறியை வைத்தே சொல்கிறேன். புடவை டிசைனின் மூலப்படி முதலாளி வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கும். தறிக்குப் போவது அதன் நகல். நகலைப் பார்த்துத் துணி நெய்வார்கள். கொஞ்ச நாளில் நகல் கிழிந்துவிடும், வேண்டுமானால் மறுபடி எடுப்பார்கள். செல்லுக்குள் டி.என்.ஏ பீரோவில் இருக்கும் மூலப்படி. தூது ஆர்.என்.ஏ, அதாவது எம்.ஆர்.என்.ஏ, தறிக்குப் போகும் நகல். நெய்து வரும் துணிதான் புரதம். நொதிகள் எல்லாம் ஏறக்குறைய புரதங்களே. இப்படி ஒரு தூது இருக்கிறது என்று 1961ல் கண்டுபிடித்தார்கள்.

கொரோனா ஊசியிலும் இதே வகை மூலக்கூறைத்தான் பயன்படுத்தினார்கள். அது வைரஸின் ஒரு புரதத்துக்கான தூது. ஆய்வகத்தில் செய்து உடம்புக்குள் செலுத்துவது. அந்த நுட்பத்துக்கு வழி செய்ததற்காக காட்டலின் காரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2023ல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் நம் ஊரில் பெரும்பாலோர் போட்டுக்கொண்டது கோவிஷீல்டு அல்லது கோவாக்சின். அவை இரண்டும் எம்.ஆர்.என்.ஏ ஊசிகளே இல்லை. புற்றுச் செல்லில் கூடியிருப்பதாகச் சொல்லும் எம்.ஆர்.என்.ஏ வெளியிலிருந்து வந்ததில்லை. அந்தச் செல் தானே எடுத்துக்கொண்ட நகல்.

அந்த நொதி என்ன செய்கிறது? நல்ல கல்லீரலில் அது கிடையாதா?

சர்க்கரை, அதாவது குளுக்கோஸ், செல்லுக்குள் நுழைந்ததும் அதன் ஆறாவது கார்பன் அணுவில் ஒரு பாஸ்பேட்டைக் கட்டிவிட வேண்டும். கட்டியபின் அந்தக் குளுக்கோஸ் வந்த வழியே வெளியேற முடியாது. கன்றுக்குட்டியை முளையில் கட்டிவிடுகிற மாதிரி. இந்த வேலையைச் செய்பவை ஹெக்ஸோகைனேஸ் குடும்பத்து நொதிகள். அந்தக் குடும்பத்தில் பலர் உண்டு. அதில் இருவர் மட்டும் இங்கே முக்கியம்.

முதிர்ந்த கல்லீரல் செல்லில் இருப்பது குளுக்கோகைனேஸ். அது நிதானமான நொதி. ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போதுதான் சுறுசுறுப்பாகும். டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமுக்கு மேல் ஏறினால்தான் தன் முழு வேகத்தில் பாதியைத் தொடும். சாப்பிட்டபின் வரும் உபரியை எடுத்து வைப்பதும், பட்டினி நேரத்தில் மற்ற உறுப்புகளுக்கு விட்டுக்கொடுப்பதும் கல்லீரலின் குணம். அந்தக் குணத்துக்கு ஏற்ற நொதி அது. இன்சுலின் வந்தால்தான் அதன் தூது ஆர்.என்.ஏவும் நன்றாக உருவாகும்.

கல்லீரல் புற்றில் பல கட்டிகள் இந்த நொதியைக் கைவிட்டுவிட்டு ஹெக்ஸோகைனேஸ் 2 என்பதைத் தயாரிக்கத் தொடங்குகின்றன. இது இதயத் தசை, உடல் தசை, கொழுப்புத் திசு ஆகியவற்றில் இயல்பாக இருக்கிற நொதி. ஆரோக்கியமான வளர்ந்த கல்லீரல் செல்லில் இதைத் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. அளவில் குளுக்கோகைனேஸைப் போல இரண்டு மடங்கு: அது 465 அமினோ அமிலம், இது 917. பரிணாமத்தில் ஒரே மரபணு இரட்டித்து ஒட்டிக்கொண்டதால் வந்த நீளம். சர்க்கரை மேல் இதற்கிருக்கும் பற்று மிகக் கடுமை. டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 5 மில்லிகிராம் சர்க்கரை இருந்தாலே பாதி வேகத்தில் ஓட ஆரம்பித்துவிடும். அந்த 5 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சோற்றுக் கேள்வியில் அது வேண்டும்.

இன்னொன்றும் செய்கிறது. செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறது. அங்கே உருவாகும் ஏ.டி.பி, அதாவது பாஸ்பேட்டைக் கட்டத் தேவையான ஆற்றல் மூலக்கூறு, உடனுக்குடன் கைக்குக் கிடைக்கும். செல் தானே மடிந்துபோகும் வழியையும் இந்த ஒட்டல் ஓரளவு தடுக்கிறது. எலியின் கல்லீரல் கட்டிச் செல்களில் இந்த மைட்டோகாண்ட்ரியா ஒட்டல்தான் அதிவேகச் சர்க்கரை எரிப்புக்குக் காரணம் என்று பஸ்டமாண்டே, பெடர்சன் என்ற ஆய்வாளர்கள் 1977லேயே எழுதினார்கள்.

புற்று ஏன் நொதியை மாற்றிக்கொள்கிறது?

கரு வளரும்போது செல்கள் வேகமாகப் பெருக வேண்டும். அப்போது ஓடிய பழைய திட்டங்களை, வளர்ந்தபின் உறுப்புகள் மூடி வைத்துவிடுகின்றன. கல்லீரல் புற்று அந்த மூடிய ஏட்டைத் திரும்பத் திறக்கிறது. ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் என்று ரத்தப் பரிசோதனையில் பார்க்கிறார்களே, அதுவும் கருக்காலத்துப் புரதம்தான். அதே ஏட்டிலிருந்து வருவது. சிட்னி வைன்ஹவுஸ் என்ற ஆய்வாளர் எலிகளின் கல்லீரல் கட்டிகளை ஆராய்ந்து 1972ல் இதைத் தெளிவாகச் சொன்னார்: மெதுவாக வளரும், கல்லீரல் சாயல் மாறாத கட்டிகளில் குளுக்கோகைனேஸ் ஓரளவு மிஞ்சியிருக்கும், வேகமாக வளரும் கட்டிகளில் அது மறைந்து வேற்று ஹெக்ஸோகைனேஸ் வந்திருக்கும்.

ஏட்டைத் திறக்கும் கைகள் பல. கட்டி வளர்ந்து உள்ளே ஆக்சிஜன் குறைந்தால் எச்.ஐ.எஃப்-1 என்ற புரதம் எழுந்து இந்த நொதியின் நகலெடுப்பைத் தூண்டும். மிக் என்ற புற்றுநோய் மரபணுவும் தூண்டும். மறுபக்கம், நகல்களைக் கிழித்துப்போடும் காவலர்களும் செல்லில் உண்டு. அவை மைக்ரோ ஆர்.என்.ஏக்கள். 1993ல் வெளியான அவற்றின் கண்டுபிடிப்புக்கு 2024ல் நோபல் கிடைத்தது. மைக்ரோ ஆர்.என்.ஏ 143 என்பது ஹெக்ஸோகைனேஸ் 2இன் தூதைப் பிடித்து அடக்கும். கட்டியில் இந்தக் காவலர் குறைந்தால், புதிதாக எதுவும் தூண்டாமலே தூதின் அளவு ஏறிவிடும்.

சர்க்கரையை எரித்து ஆற்றல் எடுப்பது மட்டும் நோக்கமில்லை. பிடித்து வைத்த குளுக்கோஸிலிருந்து டி.என்.ஏவுக்கான சர்க்கரை, புதுச் செல்சவ்வுக்கான கொழுப்பு எல்லாம் செய்யலாம். வீடு கட்டுகிறவனுக்குச் செங்கல் வேண்டும். ஆக்சிஜன் இருந்தும் கட்டிகள் சர்க்கரையைப் பாதியில் நொதிக்கவிட்டு லாக்டிக் அமிலமாக்குகின்றன என்று 1920களில் ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க் கவனித்தார். அந்தக் காட்சியின் முதல் படி இந்த நொதி.

அப்படியானால் சோறும் சர்க்கரையும் நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து சாகாதா?

சாகாது. இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கியதே இந்த ஒரு பதிலுக்காகத்தான்.

"சோறு குடுத்தா கட்டிக்குத்தான் போவுதாம்மா, படிச்ச பொண்ணு நீயே சொல்லு" என்றார் சித்தி. சித்தப்பாவுக்குக் காலையில் ஒரு டம்ளர் வெள்ளரிச் சாறு, மத்தியானம் வெந்த கீரை, ராத்திரி ஒன்றுமில்லை. பன்னிரண்டு நாள் அப்படி. மேல்கையைத் தொட்டுப் பார்த்தேன். தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் தசை என்று ஒன்று கைக்கு அகப்படவில்லை. கண்ணுக்கு மேலே, நெற்றி ஓரங்களில் குழி விழுந்திருந்தது. வயிறு மட்டும் நீர் கோத்துப் பெரிதாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வீட்டில் "உடம்பு குறையவில்லையே" என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அந்த 5ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கப் பட்டினி கிடந்தாலும் நம் ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70க்குப் பக்கத்தில்தான் நிற்கும். உடம்பு அதை அதற்குக் கீழே விடாது. விட்டால் மூளை மயங்கிவிடும். 5 மில்லிகிராமில் பாதி வேகம் எடுக்கிற நொதிக்கு 70 என்பது விருந்து. பட்டினியால் தளர்ந்துபோவது நிதானமான குளுக்கோகைனேஸ், அதாவது நல்ல கல்லீரல். கட்டியின் நொதிக்குப் பட்டினி தெரியவே தெரியாது. எந்தத் தகவலைக் காட்டிச் சோற்றை நிறுத்தினார்களோ, அதே தகவல்தான் நிறுத்துவதால் பயனில்லை என்றும் சொல்கிறது.

அந்த 70ஐ உடம்பு எங்கிருந்து காப்பாற்றுகிறது? நல்ல கல்லீரலில் சேமித்த சர்க்கரை, அதாவது கிளைக்கோஜன், இருக்கும். சித்தப்பாவைப் போலக் கல்லீரல் சுருங்கி இறுகிப்போனவர்களுக்கு, அதாவது சிரோசிஸ் வந்தவர்களுக்கு, அந்தச் சேமிப்பு மிகக் குறைவு. ஒரு ராத்திரி சாப்பிடாமல் தூங்கி எழுந்தால், நல்ல உடம்புக்காரர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்த நிலைக்கு அவர்கள் உடம்பு போய்விடுகிறது. அப்போது தசையைக் கரைத்துத்தான் சர்க்கரை தயாராகும். தசை போனால் அறுவை சிகிச்சையும் தாங்காது, மருந்தும் தாங்காது. ரத்தத்தில் அம்மோனியாவும் ஏறும். தசையும் அம்மோனியாவை அப்புறப்படுத்தும் இடம் என்பதால்.

அதனால்தான் கல்லீரல் மருத்துவர்கள் நேர்மாறாகச் சொல்கிறார்கள்: அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு, படுக்கும் முன் கட்டாயம் ஏதாவது சாப்பிடு, உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் எடு. 50 கிலோ ஆளுக்கு அது நாளுக்கு 60 முதல் 75 கிராம். பருப்பு, தயிர், முட்டை, சுண்டல் எல்லாம் சேர்த்தால்தான் எட்டும். வயிற்றில் நீர் இருந்தால் உப்பைக் குறைப்பார்கள். சர்க்கரை நோய் இருந்தால் அதற்கான கட்டுப்பாடு தனி. மருத்துவர் சொன்னபடி நடக்க வேண்டும். ஆனால் பட்டினி என்பது அந்தக் கட்டுப்பாட்டில் சேராது.

அன்று ராத்திரி சித்தப்பா ரசஞ்சோறு சாப்பிட்டார். படுக்கும் முன் ஒரு கிண்ணம் தயிரில் இரண்டு இட்லி. கேட்டுச் சாப்பிட்டார்.

"16 மடங்கு அதிகம்" என்று எப்படி அளக்கிறார்கள்?

இது நான் தினமும் கை வைத்துச் செய்யும் வேலை, கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

அறுவை அறையிலிருந்து ஐஸ் பெட்டியில் இரண்டு குட்டிக் குப்பி வரும். ஒன்றில் கட்டி, இன்னொன்றில் பக்கத்துக் கல்லீரல். ஒவ்வொன்றும் ஒரு உளுந்தம்பருப்பு அளவுதான். ஆர்.என்.ஏவைத் தின்னும் நொதிகள் நம் விரலிலும் எச்சிலிலும் தூசியிலும் இருப்பதால் கையுறையை மாற்றிக்கொண்டே இருப்போம். துணுக்கை டிரைசால் என்ற இளஞ்சிவப்புத் திரவத்தில் அரைப்போம். ஃபீனால் வாடை மூக்கைத் துளைக்கும். குளோரோஃபார்ம் விட்டுச் சுழற்றினால் மூன்று அடுக்காகப் பிரியும். அடியில் ரோஜா நிறம், நடுவில் வெள்ளைப் படலம், மேலே தெளிந்த நீர். நமக்கு வேண்டியது அந்த மேல்நீரில் இருக்கிறது. நடுப்படலத்தைத் தொடாமல் அதை உறிஞ்சி எடுப்பதற்குக் கை நடுங்கக் கூடாது.

பிறகு ஆர்.என்.ஏவை டி.என்.ஏ நகலாகத் திருப்ப வேண்டும். அதற்கான நொதியை டெமினும் பால்டிமோரும் 1970ல் கண்டுபிடித்தார்கள். அந்த நகலை பி.சி.ஆர் கருவியில் பெருக்குவோம். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு மடங்காகும். எத்தனையாவது சுற்றில் ஒளி தெரிகிறது என்று கருவி குறித்துக்கொள்ளும். தொடக்கத்தில் நிறைய இருந்தால் சீக்கிரம் தெரியும். நல்ல கல்லீரலில் 30வது சுற்றிலும் கட்டியில் 26வது சுற்றிலும் தெரிந்தால் வித்தியாசம் நான்கு சுற்று; இரண்டை நான்கு முறை பெருக்கினால் 16 மடங்கு.

இங்கேதான் கவனம் வேண்டும். இரண்டு துணுக்கும் ஒரே எடை, ஒரே தரம் என்று சொல்ல முடியாது. அதனால் எங்கும் மாறாமல் இருக்கும் இன்னொரு மரபணுவைத் துணைக்கு அளந்து கழிப்போம். பல காலமாகப் பலரும் அதற்கு எடுப்பது ஜி.ஏ.பி.டி.எச் என்ற மரபணு. ஆனால் ஜி.ஏ.பி.டி.எச் என்பதே சர்க்கரையை எரிக்கும் வரிசையில் ஒரு நொதி! சர்க்கரை எரிப்பு கூடும் கட்டியில் அதுவும் கூடும். நல்ல கல்லீரலில் 20லும் கட்டியில் 18லும் அது வந்தால், கழித்தபின் முன்னது 10, பின்னது 8, வித்தியாசம் இரண்டு சுற்று. 16 மடங்கு 4 மடங்காகச் சுருங்கிவிடும். ஒரே துணுக்கு, ஒரே கருவி, ஒரே நாள். எதை அளவுகோலாக வைத்தோம் என்பதில் மட்டும் பதில் மாறுகிறது. அதனால் சர்க்கரை நொதிகளை அளக்கும்போது வேறு துணை மரபணுக்கள் இரண்டு மூன்றைச் சேர்த்து வைக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். கட்டுரையில் "பல மடங்கு" என்று கண்டால், எதோடு ஒப்பிட்டார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

தூது கூடினால் நொதியும் அதே அளவு கூடும்தானே?

பத்து நகல் எடுத்தார்கள் என்பதற்காகப் பத்துப் புடவை நெய்தார்கள் என்று சொல்ல முடியுமா? நூல் இல்லாமல் தறி நின்றிருக்கலாம். நெய்த புடவையை யாரோ எடுத்துப் போயிருக்கலாம். செல்லிலும் அப்படித்தான். தூது சில மணி நேரத்தில் சிதைந்துவிடும், புரதம் நாள்கணக்கில் நிற்கலாம். நொதி உருவானாலும் மைட்டோகாண்ட்ரியாவில் ஒட்டினால் ஒரு வேகம், ஒட்டாவிட்டால் வேறு வேகம். ஆகவே தூதை அளந்தவர்கள் புரதத்தையும், அதன் வேலை வேகத்தையும் அளந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

தவிர, கட்டித் துணுக்கு என்பது முழுக்கப் புற்றுச் செல் கிடையாது. ரத்தக் குழாய்ச் செல், எதிர்ப்புச் செல், நார்ச் செல் எல்லாம் கலந்த கூட்டு. எதிர்ப்புச் செல்களும் ஹெக்ஸோகைனேஸ் 2 தயாரிக்கும். கூட்டைச் சேர்த்து அரைத்தால் யார் குரல் உரக்கக் கேட்டது என்று பிரிக்க முடியாது. ஒவ்வொரு செல்லாகப் பிரித்து அளக்கும் முறைகள் வந்தபின்தான் இது தெளிந்தது.

கட்டுரையில் "ஹெப் ஜி2 செல்கள்" என்று இருந்தது. அது யாருடைய கல்லீரல்?

அர்ஜென்டினாவைச் சேர்ந்த 15 வயதுப் பையன் ஒருவனின் கட்டியிலிருந்து 1970களில் வளர்த்தெடுத்த செல்கள். அவன் பெயர் வெளியில் இல்லை. அந்தச் செல்கள் இன்றும் உலகெங்கும் தட்டுகளில் பெருகிக்கொண்டிருக்கின்றன. பெரியவர்களுக்கு வரும் கல்லீரல் புற்று என்றே நெடுநாள் கருதினார்கள். பிறகு பார்த்தால் அது குழந்தைகளுக்கு வரும் ஹெபடோபிளாஸ்டோமா வகை. பல ஆய்வகங்களில் இவற்றை வளர்க்கும் ஊட்டநீரில் டெசிலிட்டருக்கு 450 மில்லிகிராம் சர்க்கரை இருக்கும். எந்த நோயாளியின் கல்லீரலும் நாள் முழுக்க அப்படி ஒரு பாகில் ஊறுவதில்லை. தட்டில் கிடைத்த முடிவை வீட்டுச் சமையலறைக்குக் கொண்டுவருமுன் இது நினைவிருக்கட்டும்.

பெட் ஸ்கேனில் சர்க்கரை கொடுத்துத்தானே கட்டியைக் கண்டுபிடிக்கிறார்கள்? சித்தப்பாவுக்கு ஏன் எடுக்கவில்லை?

பெட் ஸ்கேனில் கதிர்வீச்சுள்ள ஃபுளூரின் ஏற்றிய குளுக்கோஸ் கொடுப்பார்கள். அதன் வீரியம் 110 நிமிடத்தில் பாதியாகும். ஹெக்ஸோகைனேஸ் அதையும் பாஸ்பேட் போட்டுக் கட்டிவிடும். கட்டிய இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். ஆனால் கட்டை அவிழ்க்கும் நொதியும் கல்லீரலுக்கு உண்டு, குளுக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ். கல்லீரல் சாயல் மாறாத கட்டிகளில் அது இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். ஒருபக்கம் கட்ட, மறுபக்கம் அவிழ்க்க, கட்டி இருந்தும் படத்தில் தெரியாமல் போகும். பளிச்சென்று தெரிந்தால் அது பெரும்பாலும் சாயல் இழந்த, வேகமான கட்டி. எனவே கல்லீரலில் தோன்றும் புற்றை உறுதிசெய்ய மருந்து செலுத்தி மூன்று கட்டமாக எடுக்கும் சி.டி அல்லது எம்.ஆர்.ஐதான் முதன்மை. பெட் எடுக்காதது கவனக்குறைவு இல்லை.

இந்த நொதியைத் தடுக்கும் மருந்து வந்துவிட்டதா?

கல்லீரல் புற்றுக்கென்று ஹெக்ஸோகைனேஸ் 2ஐக் குறிவைக்கும் அங்கீகரித்த மருந்து இல்லை. நம்பிக்கைக்கு இடமிருக்கிறது: எலிகளின் கல்லீரலில் இந்த மரபணுவை நீக்கினால் கட்டி வருவது குறைகிறது, சோராஃபெனிப் மருந்தும் கூடுதலாக வேலை செய்கிறது என்று 2018ல் ஒரு அமெரிக்க ஆய்வு காட்டியது.

நமக்குப் பழக்கமான ஒரு பெயர் உண்டு. 2021 மே மாதம் கொரோனா நேரத்தில் ஹைதராபாத் மருந்து நிறுவனமும் ராணுவ ஆய்வு அமைப்பான டி.ஆர்.டி.ஓவும் சேர்ந்து 2-டி.ஜி என்ற பொடியைக் கொண்டுவந்தார்களே, அது குளுக்கோஸ் வேடம் போட்ட மூலக்கூறு. ஹெக்ஸோகைனேஸ் அதைக் கட்டிவிடும். அதற்கு மேல் அது நகராமல் வழியை அடைத்துக்கொள்ளும். புற்றுக்கும் பல பத்தாண்டுகளாகச் சோதித்திருக்கிறார்கள். கட்டிக்கு உறைக்கும் அளவுக்குக் கொடுத்தால் மூளையும் இதயமும் திணறும். 3-புரோமோபைருவேட் என்ற இன்னொன்றை ஜெர்மனியில் ஒரு மாற்று மருத்துவ மையம் கொடுத்து, 2016ல் நோயாளிகள் இறந்தார்கள். இணையத்தில் அதை விற்கிறார்கள் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

தூதையே அழிக்கும் வழி எனக்கு அதிக ஆவலைத் தருகிறது. கிவோசிரான் என்ற ஊசி மருந்து கல்லீரலில் உள்ள ஒரு நொதியின் தூது ஆர்.என்.ஏவைத் தேடிப்போய்க் கிழிக்கும். போர்ஃபைரியா என்ற அபூர்வ நோய்க்கு 2019ல் அமெரிக்காவில் அங்கீகரித்தார்கள். ஆகவே கல்லீரல் நொதியின் தூதைக் கிழிப்பது கனவில்லை. சிக்கல், அந்த மருந்து நல்ல கல்லீரல் செல்லின் வாசல் ஒன்றைப் பிடித்து உள்ளே போகிறது. சாயல் இழந்த கட்டிகளில் அந்த வாசல் குறைந்துபோவதுண்டு.

இன்று கையில் இருப்பவை: வெட்டி எடுத்தல், மாற்றுக் கல்லீரல், வெப்பத்தால் சுடுதல், ரத்தக் குழாய் வழியாக மருந்து அடைத்தல், 2007ல் வந்த சோராஃபெனிப் மாத்திரை, 2020 முதல் அட்டெசோலிசுமாப்–பெவாசிசுமாப் என்ற கூட்டு மருந்து.

இந்த எம்.ஆர்.என்.ஏவை ரத்தத்தில் டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாமா?

வேண்டாம். சிகிச்சையை மாற்றும் பரிசோதனையாக அது இன்னும் ஆகவில்லை. அந்தப் பணத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு அல்ட்ராசவுண்டும் ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீனும் பாருங்கள். சிரோசிஸ் உள்ளவர்களுக்கு அதுதான் கட்டியைச் சின்னதாக இருக்கும்போதே காட்டிக்கொடுக்கும்.

வேர்க்கடலையால் கல்லீரல் புற்று வரும் என்கிறார்கள். நாம் விளைவிப்பதே அதுதானே?

கடலை குற்றவாளி இல்லை, அதில் ஏறும் பூஞ்சைதான். ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பச்சைமஞ்சள் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். நம் கல்லீரல் நொதிகளே அதைத் தீவிரமான வடிவத்துக்கு மாற்றிவிடுகின்றன, அது டி.என்.ஏவில் ஒட்டி, காவல் மரபணுவான பி53இன் 249வது குறியைக் கெடுக்கிறது. கட்டியில் அந்த ஒரு எழுத்துப் பிழையைப் பார்த்தாலே அஃப்ளடாக்சினைச் சந்தேகிக்கலாம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உள்ளவருக்கு இந்த ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும்.

காய் முற்றும் நேரத்தில் மழை பொய்த்தால் செடியிலேயே பூஞ்சை ஏறும். பிடுங்கியபின் ஈரத்தோடு குவித்தால் இன்னும் ஏறும். காதருகே குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆட வேண்டும். அதுவரை வெயில் காட்டுங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது மூன்றையும் தள்ளுங்கள். "வறுத்தா போயிடும்" என்று பாட்டிகள் சொல்வது பாதிதான் சரி. நஞ்சு முழுக்கப் போகாது. தள்ளிய கடலையைச் செக்குக்கு அனுப்பாதீர்கள். நஞ்சில் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும், அதை மாடு தின்றால் பாலில் வரும்.

கீழாநெல்லி கொடுக்கலாமா?

நம் பக்கம் காமாலை என்றாலும், தெலுங்கில் காமெர்லு என்றாலும், முதலில் தேடுவது அதைத்தான். அதை அறிவியலார் அலட்சியப்படுத்தவில்லை. சென்னையில் பேராசிரியர் தியாகராஜன் குழுவினர், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்த பிளம்பெர்க்கோடு சேர்ந்து, 1988ல் லான்செட் மருத்துவ இதழில் நம்பிக்கை தரும் முடிவை வெளியிட்டார்கள். பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் உறுதியாகவில்லை. கட்டி வந்தபின் அதற்கு மருந்தாக இதை நம்பி மாதங்களை இழக்காதீர்கள். இருக்கும் மாத்திரைகளோடு எது கொடுத்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சித்தப்பாவுக்கு ஹெபடைட்டிஸ் பி இருந்ததாமே. வீட்டில் மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும்?

அவருக்கு எத்தனை வருஷமாக இருந்தது என்று யாருக்கும் தெரியாது. வலியே இல்லாமல் இருந்துவிட்டது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ இது ஒட்டாது. ரத்தம், உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு, சவரக்கத்தி, பல் துலக்கும் பிரஷ், இந்த வழிகளில்தான் பரவும். வீட்டில் எல்லாரும் வைரஸ் இருக்கிறதா என்று காட்டும் எச்.பி.எஸ்.ஏ.ஜி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இல்லாதவர்கள் தடுப்பூசி போட வேண்டும். பெரியவர்களுக்கு முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று. பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி, பிறகு 6, 10, 14 வாரங்களில். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். தாய்க்கு வைரஸ் இருந்தால் குழந்தைக்குக் கூடவே இம்யூனோகுளோபுலின் (ஆயத்த எதிர்ப்புப் புரதம்) ஊசியும் வேண்டும், அதை முன்கூட்டியே கேட்டு ஏற்பாடு செய்யுங்கள்.

நாங்கள் பதினோரு பேர் ஒரே காலையில் போய் ரத்தம் கொடுத்தோம். இரண்டு பேருக்கு இருந்தது. ஒருத்தி அந்தப் போனைக் கொண்டுவந்து காட்டிய தங்கச்சி. அப்போது அவளுக்கு ஏழாவது மாசம். குழந்தை பிறந்த அன்று ராத்திரியே இரண்டு ஊசியும் போட்டாயிற்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளும் கல்லீரல் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வருகிறாள்.